வெண்ணெய் உருகும் ஊரில் பப்ஸ்

எங்கள் பக்கத்துப் பலகாரங்களின் வரலாற்றை வெயிலில் இருந்துதான் தொடங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சேலம் சமவெளி 40 டிகிரியைத் தொடும். வெண்ணெயோ 32, 35 டிகிரிக்குள் உருகிவிடும். ஆகவே வெண்ணந்தூர் வட்டாரத்தில் எருமை வைத்திருந்த வீடுகளில் கடைந்த வெண்ணெய்க்குப் பெரும்பாலும் ஒரே போக்கிடம்தான் இருந்தது: உருக்கி, முருங்கை இலை போட்டு நெய்யாக்குவது. ராசிபுரம் நெய்க்கு ஊர் ஊராகப் பெயர் இருந்தது இதனால்தான். குளிர்பதனம் இல்லாத காலத்தில் கெடாமல் நிற்பது நெய் ஒன்றே.

பப்ஸ் போன்ற அடுக்கு மாவுப் பண்டத்துக்கு நெய் உதவாது. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. மாவுக்கும் மாவுக்கும் நடுவே மெல்லிய தகடாகக் கிடக்கும் வெண்ணெய் அடுப்பின் சூட்டில் உருகும்போது, அந்தத் தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தூக்கும். பப்ஸ் உப்புவது இப்படித்தான். நெய்யில் தண்ணீரே கிடையாது. அதனால் நெய் போட்ட நம் பாதுஷாவும் சோமாஸும் வாயில் பொரபொரவென்று உதிர்ந்தாலும் அடுக்கடுக்காக எழும்பி நிற்பதில்லை. நெய்யை வைத்து அவ்வளவு நயமாகப் பலகாரம் செய்த கைகள் அடுக்கு மாவுப் பக்கம் போகாததற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. தட்பவெப்பம் அப்படி.

இந்த மாவு குளிர் நாட்டுச் சரக்கு. பிரான்சில் லா வரேன் 1651இல் வெளியிட்ட சமையல் நூலின் காலத்திலேயே அங்கே வழக்கத்துக்கு வந்துவிட்டது. மாவை மூன்றாக மடித்துத் தேய்ப்பதை ஆறு முறை செய்தால் 729 அடுக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கம் பேக்கரித் தொழில் வந்தது வெகு பின்னால். தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1880இல் பேக்கரி தொடங்கி, 1883இல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார். பெங்களூரில் ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் 1898இல் பேக்கரி வைத்தார்கள். சேலம், நாமக்கல் சாலையோரங்களில் இன்றும் காணும் 'ஐயங்கார் பேக்கரி' பலகைகள் அந்தப் பெயரின் செல்வாக்கில் வந்தவை.

ஆனால் வெயில் ஊரில் பப்ஸைப் பரப்பிய பெருமை வனஸ்பதிக்கே. டால்டா 1937இல் சந்தைக்கு வந்தது. பப்ஸுக்கென்றே பின்னால் வந்த மார்ஜரின் 40 டிகிரியைத் தாண்டியும் கெட்டியாக நிற்கக்கூடியது. விறகு அடுப்பின் அனலில் வேலை செய்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 1970களில் நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் பெருகின. முட்டை மலிந்த ஊரில், வெங்காய மசாலாவும் அவித்த அரை முட்டையும் வைத்த பப்ஸ் பஸ் ஸ்டாண்ட் கண்ணாடிப் பெட்டிகளில் நிலைத்துவிட்டது. நானும் அதைத் தின்று வளர்ந்தவள்தான். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் ஒட்டும் அந்தக் கொழுப்பு வெண்ணெய் இல்லை. உடம்புச் சூட்டில் கரைந்துபோவதுதான் வெண்ணெயின் அழகு.

நான் பப்ஸுக்குள் வைக்கும் ஆரஞ்சுப் பழத்தின் கதை தனி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பியையும் வெளிநாட்டுப் பழமரங்களையும் கொண்டுவந்து வைத்தார். காப்பித் தோட்டங்களின் ஊடே கமலா ஆரஞ்சு மரங்களும் வளர்ந்தன. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் விளைந்த அந்தப் பழம் கூடை கூடையாகச் சமவெளிக்கு இறங்கியது. வைரஸ் நோய்களும் வேரழுகலும் வந்து மரங்கள் பட்டுப்போன பிறகு வரத்து குறைந்துவிட்டது. இப்போது பஜாரில் குவிந்திருப்பது பெரும்பாலும் நாக்பூர் ஆரஞ்சு. மலைப்பழம் பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது. தோல் தொளதொளவென்றிருக்கும், பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், புளிப்பும் தூக்கல். ஆனால் உரிக்கிற கையில் இரண்டு மணி நேரம் மணம் நிற்கும். எனக்கு வேண்டியது அந்தத் தோல்.

கொல்லிமலைப் பழம் மார்கழி, தையில் வரும். வெண்ணெய் கையில் நிற்கும் குளிரும் அந்த இரண்டு மாதங்களில்தான். பழத்துக்கும் வெண்ணெய்க்கும் பருவம் ஒன்றாக அமைந்தும் இந்த ஊரில் இரண்டும் ஒரு பண்டத்தில் சேராமல் போனதே என்று எனக்கு ஆதங்கம். விடியற்காலைக் குளிர் மட்டும் போதாது. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே மாவை அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்தாக வேண்டும். தறி ஓட்டிப் பிழைக்கும் எங்கள் வீடுகளுக்கு ஃபிரிட்ஜ் வந்ததே தாமதம். வந்த பிறகும் 2012 வாக்கில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். தறி நின்றால் கூலி போயிற்று, அந்தக் கவலையில் ஃபிரிட்ஜை யார் நினைத்தார்கள்? அடுப்பும் அப்படித்தான். குக்கரில் மணல் பரப்பிக் கேக் சுட்ட வீடுகள் உண்டு. பப்ஸுக்கு மேலும் கீழும் 200 டிகிரி சூடு வேண்டும், மணல் குக்கர் அதற்கு ஈடுகொடுக்காது. சின்ன மின்சார ஓவன் வந்த பிறகே வீட்டில் வெண்ணெய் பப்ஸ் கைகூடியது.

எருமை வெண்ணெய்தான் நான் எடுப்பது. பசு வெண்ணெயைவிடச் சற்றுக் கெட்டியாக நிற்கும். வீட்டில் கடைந்ததில் மோர் நிறையத் தங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் வைத்து அழுத்திப் பிழியாவிட்டால் மாவு சொதசொதத்துவிடும். முதல் தடவை இதைப் பார்த்த என் மாமியார், "ஏங்கண்ணு, உருக்குனா நல்ல நெய்யி. இதைப் போயி மாவுக்குள்ள பொதைக்கிறயே?" என்றார். "உருக்குனா அதுல இருக்கற தண்ணி போயிருமுங்கத்த. அந்தத் தண்ணிதான் மாவைத் தூக்கி உடறது" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். பிறகு மோரைப் பிழிகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அந்தக் கைப்பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஆரஞ்சுத் தோலின் உள்பக்கத்து வெள்ளையைக் கரண்டியால் சுரண்டி, தோலைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டால் கசப்பு அளவோடு நிற்கும். பிறகு சாறும் சர்க்கரையும் சேர்த்து, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, சட்டியின் அடியில் கரண்டியால் கோடு இழுத்தால் உடனே மூடிக்கொள்ளாத பதம் வரை காய்ச்ச வேண்டும். முட்டையும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறும் எலுமிச்சைப் பூரணம் வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்தது. ஓவனில் அது இளகி வழிந்துவிடுகிறது. தோல் ஜாம் அப்படி வழியாது. ஆறு மடிப்பெல்லாம் நான் போடுவதில்லை. நான்கு மடிப்பில் 81 அடுக்கு வருகிறது, எங்கள் வெயிலுக்கு அது போதும்.

ராசிபுரத்தில் பேக்கரி வைத்திருக்கும் உறவினர் ஒருவருக்கு இந்தப் பப்ஸைக் கொடுத்தேன். இரண்டு தின்றார். கடையில் போடலாமே என்றேன். வெண்ணெய் விலையையும் மார்ஜரின் விலையையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, முட்டை பப்ஸ் விலையைப் போல் மூன்று மடங்கு வைத்தால்தான் கட்டும், பஸ் ஸ்டாண்டில் அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று கேட்டார். கல்யாண வீட்டு ஆர்டர் என்றால் தையில் மட்டும் செய்யலாம், தோல் ஜாமை மட்டும் நீ போட்டுக் கொடு என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.