ஆவாரம் பட்டையில் கட்டிய பள்ளிக்கூடம்

உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது? கவர்மென்ட்டா, பிரைவேட்டா?

ஜூன் மாதம் பிறந்தால் பெற்றோர்களிடம் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் போய் இதைக் கேட்டுப் பாருங்கள். 'ரெண்டும் இல்லீங்க... எய்டட்!' என்று மூன்றாவதாக ஒரு பதில் வரும். அதாவது, அரசு உதவி பெறும் பள்ளி. இடம், கட்டடம், நிர்வாகம் எல்லாம் தனியாருடையது. வாத்தியார் சம்பளம் அரசாங்கத்துடையது. எல்லா ஊரிலும் இப்படிப் பள்ளிகள் உண்டுதான். ஆனால், பாலாற்றங்கரையின் தோல் ஊர்களில் படிப்பு என்கிற சங்கதியே இந்த மூன்றாவது வாசல் வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே வந்தது. அந்த வாசலைக் கட்டியது யார், இப்போது அது ஏன் குறுகிக்கொண்டிருக்கிறது? பார்ப்போம்.

விஷயம் 1854ல் ஆரம்பிக்கிறது. லண்டனிலிருந்து சர் சார்லஸ் உட் இந்தியாவுக்கு ஒரு கல்வி அறிக்கை அனுப்பினார். சுற்றி வளைக்காமல் சொன்னால், ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்ட கம்பெனி சர்க்காரிடம் காசு இல்லை. யாருக்கு ஆசையோ அவர்கள் நடத்தட்டும். சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, திருப்தி என்றால் மானியம் கொடுக்கப்படும். கஞ்சத்தனத்தில் பிறந்த யோசனைதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தது!

முதலில் பிடித்துக்கொண்டவர்கள் பாதிரிமார்கள். வேலூர் வட்டாரத்தில் 1853ல் ஸ்கடர் சகோதரர்கள் ஆரம்பித்த அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளிகளைத் திறந்தது. 1898ல் வேலூரில் ஊரீசு கல்லூரியே வந்துவிட்டது. அங்கே படித்துவிட்டு மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போன ராதாகிருஷ்ணன் என்ற பையன் பின்னாளில் இந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் தோல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. மிஷன் பள்ளியில் சேர்த்தால் பைபிள் வகுப்பு. சேர்க்காமல் விட்டால் இங்கிலீஷ் கிடையாது. இங்கிலீஷ் இல்லையென்றால் லண்டனுக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரத்தில் யாரோ ஒரு குமாஸ்தாவின் தயவில் காலம் தள்ள வேண்டும். முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கிப் போவதைப் பற்றி 1882ல் வந்த ஹண்டர் கமிஷனே தனியாகக் கவலைப்பட்டது.

வியாபாரிகள் என்ன செய்தார்கள்? தாங்களே பள்ளிக்கூடம் கட்டினார்கள். கையில் காசு இருந்தது. ஆவாரம் பட்டை போட்டுப் பதப்படுத்திய தென்னிந்தியத் தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' என்று தனிப் பெயரே உண்டு. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இந்தத் தோல் மலை மலையாகப் போனது. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1901லேயே உருவாகியிருந்தது. போர் முடிந்த மறு வருடம், 1919ல், அந்தச் சிறிய ஊரில் இஸ்லாமியா கல்லூரி திறந்தாயிற்று! மேல்விஷாரத்தில் 1918ல் ஒரு கல்விச் சங்கம். ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் பள்ளி, 1969ல் அதே பெயரில் கல்லூரி. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே சித்திக் சராய் என்ற கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிய நவாப் சி. அப்துல் ஹக்கீம், மேல்விஷாரத்துத் தோல் வியாபாரிதான். அவர் பெயரில் 1965ல் அந்த ஊரில் கல்லூரி வந்தது.

சரி, முதலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி கிடைத்துவிட்டது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றவர்களின் பிள்ளைகள்?

அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊர்ப் பள்ளியில் அவர்களுக்கு இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. லூத்தரன் மிஷன் பள்ளிகள் கொஞ்சம் இடம் கொடுத்தன. 1920களில் லேபர் கமிஷனர் இலாகா தனியாகப் பள்ளிகள் திறந்தது. 'லேபர் ஸ்கூல்' என்றே பெயர். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் பாட்டன் அது. ஒரே தோல்... ஷாப்புக்குச் சொந்தக்காரர் பிள்ளைக்கு ஒரு பள்ளி, அதைச் சுரண்டுகிறவர் பிள்ளைக்கு வேறு பள்ளி. மறைத்துப் பேச இதில் ஒன்றுமில்லை.

1953ல் வந்தது ராஜாஜியின் திட்டம். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். 'குலக்கல்வி' என்று பெரியாரும் தி.மு.க.வும் போட்ட சத்தத்தில் மாகாணமே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் புரிய வேண்டுமென்றால் இந்த வட்டாரத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். தோல் சுரண்டுகிறவரின் மகன் மதியத்துக்கு மேல் என்ன கற்றுக்கொள்வான்? 1954ல் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் குப்பைக்குப் போனது.

காமராஜர் செய்த இன்னொரு காரியத்தைப் பலரும் சொல்வதில்லை. மதிய உணவு எல்லோருக்கும் தெரியும். 1955ல், உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பென்ஷன், சேமநல நிதி, இன்ஷூரன்ஸ் மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. அதுவரை எய்டட் வாத்தியார் என்றால் மானேஜர் தயவில் பிழைப்பவர். இதற்குப் பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. நல்ல வாத்தியார்கள் அந்தப் பள்ளிகளில் தங்க ஆரம்பித்தார்கள்.

எய்டட் எல்லாம் சொக்கத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. தங்கள் ஆட்களுக்கே வேலை, சில இடங்களில் போஸ்ட்டுக்கு ரேட் என்று புகார்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனாலும் முதலாளி பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும், கொஞ்சம் பிந்தி தொழிலாளி பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. அது அங்கேதான் இருந்தது.

பெஞ்ச் எப்போது பிரிந்தது? 1978 வாக்கில் என்பேன். அதுவரை மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் கொஞ்சமாக இருந்தன. அப்போதுதான் மாநில அரசு அவற்றுக்குத் தனி போர்டு வைத்தது. அதன் பிறகு மெட்ரிக் பள்ளிகள் மழைக்குப் பின் முளைத்த காளான்தான். வசதியானவர்கள் முதலில் கிளம்பினார்கள்.

அதே காலத்தில் தோல் தொழிலும் தலைகீழாக மாறியது. 1973ல் பாதி பதப்படுத்திய தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்டது. முழுசாகப் பதப்படுத்தி, பொருளாகத் தைத்து அனுப்பு என்றது. ஷூ கம்பெனிகள் வந்தன. ஷூவின் மேல்பாகம் தைக்கும் மிஷின்களில் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். வீட்டில் முதல்முறையாக அம்மா கையில் மாதச் சம்பளம். அந்தப் பணம் முதலில் போன இடங்களில் ஒன்று மெட்ரிக் பள்ளியின் ஃபீஸ் கவுன்ட்டர். தான் தைக்கிற ஷூவைத் தன் பிள்ளை காலில் போட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டால் யார் குறை சொல்ல முடியும்?

இன்னொரு பக்கம், அரசாங்கம் சத்தமில்லாமல் ஒரு கதவை மூடியது. தனியார் பள்ளிகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, 1991-92க்குப் பிறகு தொடங்கும் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது என்றார்கள். சார்லஸ் உட் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் அங்கே நின்றது. அதன் பிறகு எந்தத் தோல் வியாபாரி பள்ளி கட்டினாலும், வாத்தியார் சம்பளத்தைப் பெற்றோரிடம்தான் வாங்கியாக வேண்டும். பழைய எய்டட் பள்ளியின் காம்பவுண்டுக்குள்ளேயே சம்பளம் கட்டும் பிரிவுகள் எப்படி முளைத்தன என்று இப்போது புரிகிறதா?

2020ல் கதை இன்னொரு திருப்பம் கண்டது. நீட் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி வாசலையே பார்க்க முடியவில்லை என்று, அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது தமிழக அரசு. நியாயமான காரியம். முதல் வருடமே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள்! சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நிபந்தனை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, மீதியை அரசுப் பள்ளியில் முடித்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். எய்டட் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் இடமில்லை. அப்பா தோல் ஷாப்பில் கூலி, அம்மா ஷூ கம்பெனியில் தையல் என்றாலும் சரி, மருத்துவ சீட்டுக் கணக்கில் அந்தப் பிள்ளை அரசுப் பள்ளிப் பிள்ளை இல்லை.

மற்ற சலுகைகளும் தாமதமாகத்தான் வந்தன. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் காலை உணவு ஆரம்பம். கிராமத்து எய்டட் தொடக்கப் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலையில் வந்தது. ஆம்பூர் மாதிரி நகரத்து எய்டட் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில். மூன்று வருடம்! பசிக்குமா, அதற்கு எய்டட் எது, கவர்மென்ட் எது என்று தெரியும்? கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022ல் அரசுப் பள்ளிக்கு. எய்டட் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2024 டிசம்பர் கடைசியில்தான்.

ஆகவே, இந்த ஊர்களில் தீர்மானம் எல்.கே.ஜி.யோடு முடிவதில்லை. அஞ்சாம் கிளாஸ் முடிகிற அன்று திரும்பவும் வருகிறது. அதே காம்பவுண்டில் ஆறாம் வகுப்பு காத்திருக்கிறது. அப்பா படித்த பள்ளி, தெரிந்த வாத்தியார், வீட்டுக்குப் பக்கம். டி.சி. வாங்கி கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாற்றினால், ஏழு வருடம் கழித்து ஒருவேளை ஒரு டாக்டர் சீட். மெட்ரிக் என்றால் மாதா மாதம் ஃபீஸ், ஓவர்டைம் பார்த்தாவது கட்டிவிடலாம். கம்பெனி பஸ் வருவதற்குள் அந்த அம்மா ஆபீஸ் ரூமில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய பிள்ளையின் அப்பா, 'நீயே பார்த்துச் செய்' என்று ஷிஃப்ட்டுக்குப் போயாயிற்று.