ஆங்கிலத்தில் கிரேக்க வேர்களும் முன்னொட்டுகளும்

ஆங்கிலத்தில் வழங்கும் அறிவியல், மருத்துவக் கலைச்சொற்களில் பெரும்பகுதி கிரேக்க வேர்களாலும் முன்னொட்டுகளாலும் ஆனது. இவை இரு வகை. ‘ஃபிலாசஃபி’, ‘டெமாக்ரசி’ போன்றவை பண்டைக் கிரேக்கர்களே பேசியவை. இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தன. மற்றவை கிரேக்கர் காதால் கேட்டறியாதவை. ஐரோப்பிய அறிஞர்கள் கடந்த சில நூற்றாண்டுகளில் கிரேக்கக் கூறுகளை ஒட்டவைத்துப் படைத்த புதுச் சொற்கள் அவை.

கலிலியோவின் கருவிக்கு 1611இல் ‘தொலைவு’, ‘பார்த்தல்’ என்னும் பொருளுடைய கூறுகளைச் சேர்த்து ‘டெலஸ்கோப்’ என்று பெயரிட்டவர் தெமிசியானி என்ற கிரேக்க அறிஞர். ‘அச்சமூட்டும் பல்லி’ என்ற பொருளில் ‘டைனோசர்’ என்பதை 1842இல் அமைத்தவர் ரிச்சர்ட் ஓவன். பழஞ்சொல் போல ஒலிக்கும் ‘நாஸ்டால்ஜியா’கூட 1688இல் பாசெல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் எழுதிய மருத்துவ ஆய்வேட்டில் பிறந்ததே. ‘நோஸ்டோஸ்’ வீடு திரும்புதல், ‘அல்கோஸ்’ வலி. ஊர் ஏக்கம் அன்று ஒரு நோயின் பெயராக இருந்தது. நரம்பு வலியைக் குறிக்கும் ‘நியூரால்ஜியா’விலும் அதே வலிதான் ஒலிக்கிறது.

ஒரு வேரை அறிந்தால் பல சொற்கள் திறக்கும் என்பதற்கு, வெட்டுதலைக் குறிக்கும் ‘தொம்’ நல்ல சான்று. எதிர்மறை தரும் ‘அ’ முன்னே வந்தால் ‘ஆட்டம்’, அதாவது வெட்ட முடியாத அணு. வெட்டிப் பார்த்து அறிவது ‘அனாட்டமி’. குடல்வாலை வெட்டி வெளியே எடுப்பது ‘அப்பெண்டெக்டமி’. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தபோது அணுவுக்கும் உட்கூறு உண்டென்பது தெளிவானது, பெயர் மாறவில்லை.

கூறுகள் சேரும் இடத்தில் ஒலி திரியும். ‘மரம்’, ‘கள்’ சேர்ந்து ‘மரங்கள்’ ஆவது போல, ‘உடன்’ என்னும் பொருளுள்ள ‘சின்’ உதட்டொலிக்கு முன் ‘சிம்’ ஆகிச் ‘சிம்பதி’யைத் தரும், லகரத்துக்கு முன் ‘சில்’ ஆகிச் ‘சிலபிள்’ தரும். புணர்ச்சி விதி படித்த தமிழ் மாணவருக்கு இது புதிதல்ல. ‘சைக்காலஜி’யின் தொடக்கத்தில் எழுதப்பட்டும் ஒலிக்காத ‘பி’, ‘ப்ஸை’ என்னும் கிரேக்க எழுத்தின் எச்சம்.

சொல்லை எங்கே பிரிப்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். 1861இல் பிரெஞ்சில் உருவான ‘ஹெலிகாப்டர்’ உண்மையில் சுருளைக் குறிக்கும் ‘ஹெலிகோ’, சிறகைக் குறிக்கும் ‘ப்டெரோன்’ ஆகியவற்றின் சேர்க்கை. ஆங்கிலம் பேசுவோர் அதை ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று வெட்டினர். நம் செய்தித்தாள்களில் வரும் ‘ஹெலிபேட்’ அந்தப் பிழையான வெட்டின் பிள்ளை. உருவ ஒற்றுமையும் ஏமாற்றும்: ‘ஹோமோஜீனியஸ்’ சொல்லில் உள்ளது ‘ஒரே’ எனப் பொருள்படும் கிரேக்கக் கூறு, ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ பெயரில் உள்ளதோ மனிதன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்.

வேர்ப்பொருள் எப்போதும் உண்மைப்பொருள் ஆகாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லவாய்சியே, எல்லா அமிலங்களுக்கும் அடிப்படை ஒரே வளி என்று நம்பி, ‘அமிலம் பிறப்பிப்பது’ என்னும் பொருளில் ‘ஆக்சிஜன்’ என்று பெயர் சூட்டினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அந்த வளி இல்லை என்று 1810இல் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் இவ்வேர்களில் பலவற்றைப் பொருள் பெயர்த்து ஏற்றது. ‘டெலி’ என்பது ‘தொலை’ ஆகி, தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி பிறந்தன. ‘லஜி’ என்னும் ஈறு ‘இயல்’ ஆனது. ஆக்சிஜனை ஜெர்மன் மொழி வேரையே பின்பற்றி ‘அமிலப் பொருள்’ என்று பெயர்த்தது. ஆனால் தமிழில் வழங்கும் ‘உயிர்வளி’, ‘பிராணவாயு’ ஆகியவை அந்த வளியின் பயனைக் கொண்டு அமைந்த பெயர்கள். அவற்றில் அமிலத்துக்கு இடமில்லை.