சிறையில் தைத்த செருப்பு

குதிரை இலாடத்தை நிலைப்படியில் அறைந்தால் இல்லத்திற்கு நலம் வரும் என்பர். இந்நம்பிக்கை நம்மவரிடத்தும் உண்டு, மேலைநாட்டாரிடத்தும் உண்டு. ஆங்கு, கொல்லர் தம் கையால் இலாடம் அடித்துத் தாம் போற்றும் தலைவர்க்கு நற்பேற்றின் அறிகுறியாக வழங்குவதும் வழக்கமே. 1809இல் அமைந்த படைமுகாமை ஒட்டிப் பெங்களூரில் குடியேறிய தமிழர் வழிவந்த நமக்கு, குதிரையும் இலாடமும் புதியன அல்ல. ஆயின், போற்றுவார்க்கன்றித் தம்மைச் சிறையிட்டவர்க்கே ஒருவர் காலணி செய்தளித்த வரலாறும் உண்டு. அதனைத் தமிழர் மறத்தல் தகாது.

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அணித்தாக, 1910இல் டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. 1,100 ஏக்கர் கொண்ட அந்நிலத்தை அறப்போராளிகளின் குடும்பங்கள் தங்குதற்கு அளித்தவர் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர். அவர் கிறித்துவத் துறவியர் மடம் ஒன்றிற்குச் சென்று செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். அடிகளிடம் பிறர் கற்றனர். அப்பண்ணையில் தமிழ்ச் சிறார் பலர் இருந்தனர். தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழைக் கொண்டே அடிகள் அவர்கட்குத் தமிழ்ப்பாடம் சொன்னார் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பும் சிறிது நாணமும் உண்டாகின்றன.

1913இல் போர் முற்றியது. ஒப்பந்தக் காலம் முடிந்த கூலியாட்கள் மீது மூன்று பவுன் தலைவரி. இந்தியர் திருமணங்கள் செல்லா என்னும் தீர்ப்பு வேறு. நவம்பர் 6ஆம் நாள் டிரான்ஸ்வால் நோக்கி நடந்தோர் 2,037 ஆடவர், 127 பெண்டிர், 57 குழந்தைகள். அவருள் தமிழர் மிகப் பலர். அடிகள் சிறை புகுந்தார். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பெற்ற காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்தார், அகவை பதினாறு.

அச்சிறைவாசத்தில் அடிகள் தம் கையால் ஓரிணைச் செருப்புத் தைத்தார். யாருக்கு? தம்மை எதிர்த்து நின்ற அமைச்சர் ஜெனரல் ஸ்மட்சுக்கு! விடுதலை பெற்றபின் அதனை அவருக்கே பரிசாக அளித்தார். 1914இல் தலைவரி நீங்கியது, திருமணங்கள் ஏற்கப்பட்டன. சூலை 18இல் அடிகள் அந்நாட்டை விட்டுக் கப்பலேறினார். 1939இல், திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் தொகுத்த காந்தி மலரில் ஸ்மட்ஸ் இச்செய்தியை எழுதினார். பல கோடைகள் அச்செருப்பை அணிந்ததாகவும், அத்தகைய பெரியாரின் காலணியில் நிற்கத் தாம் தகுதியற்றவர் என்று கருதுவதாகவும் அவர் குறித்தார்.

தோல் தொடும் கையைத் தீட்டென ஒதுக்கிய நாடு நம்முடையது. செருப்புத் தைப்பவனை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவன் தைத்ததை அணிந்து ஊருக்குள் நடந்தோம். அத்தொழிலையே அடிகள் விரும்பிக் கற்றார். அதன் பயனையே ஓர் அமைச்சர்க்கு உரிய பரிசெனவும் துணிந்தார். இலாடம் தருவோர் பேற்றை வாழ்த்தித் தருகின்றனர்; இவர் தந்தது தம் உழைப்பை.

1915 மே 8ஆம் நாள், மறைந்த கோகலேயின் உருவப்படத்தைத் திறந்து வைக்க அடிகள் நம் பெங்களூருக்கு வந்தார். 1912இல் டால்ஸ்டாய் பண்ணைக்கே வந்து தங்கிச் சென்றவர் கோகலே. தலைவரின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே இழுத்துச் செல்வது அந்நாளைய வழக்கம். அவ்வாறு இழுக்கப்படுவதற்கு அடிகள் இசையவில்லை. பொதுப்பணியாளரை வண்டியில் வைத்திழுத்துக் கெடுத்துவிடாதீர்கள், அமைதியாகத் தொண்டாற்ற விடுங்கள் என்னும் கருத்துப்பட இவ்வூராரிடம் பேசினார். அவர் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டு அப்போது ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை.