கிரயப் பத்திரத்திலிருந்து பட்டா வரை: கீழ்பென்னாத்தூர் வட்டத்தை முன்வைத்து நிலப் பதிவேடுகளின் தானியக்க வரலாறு

ஒரே நிலத்துக்கு இரண்டு அலுவலகங்கள். கிரயப் பத்திரம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிவாகிறது. பட்டா வருவாய்த்துறையில், வட்டாட்சியரின் பொறுப்பில் மாறுகிறது. திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூருக்கும் இது பொருந்தும். இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் கணினி வருவதற்கு முன் எந்தப் படிகள் திருத்தப்பட்டன, எவை அப்படியே விடப்பட்டன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1980 வரை கிராமக் கணக்கு, கர்ணம் எனப்பட்ட கிராமக் கணக்கரின் கையில் இருந்தது. பகுதிநேரப் பதவி, பெரும்பாலும் பரம்பரையாக வந்தது. எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் அப்பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. முழுநேர ஊழியராகக் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) வந்தார். தமிழக நில நிர்வாகத்தின் ஆகப்பெரிய நடைமுறைச் சீர்திருத்தம் இதுவே என்பது என் கணிப்பு. அதில் எந்த இயந்திரத்துக்கும் வேலை இருக்கவில்லை.

அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. மக்கள் அதை யூ.டி.ஆர். என்றே சொல்கிறார்கள். கீழ்பென்னாத்தூர் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டுப் பெயர்களுக்குப் பதிலாக, அன்று நிலத்தை அனுபவித்தவரின் பெயரை ஏற்றுவதே திட்டத்தின் நோக்கம். பெரும்பணி அது. ஆனால் விடுபட்ட பெயர், மாறிப்போன பரப்பு, பிரிக்கப்படாத கூட்டுப் பட்டா எனப் பிழைகளும் நிறையச் சேர்ந்தன. கணினி வந்தபோது இந்தப் பதிவுகளே தட்டச்சாகின. கையெழுத்துப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல், சுருக்கொப்பம், உத்தரவு எண் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்; பிழை எங்கே நுழைந்தது என்று தேட ஒரு தடம் இருக்கும். கணினியில் ஏறிய சிட்டா, அதாவது பட்டாதாரர் பதிவேடு, கடைசி நிலையை மட்டுமே காட்டுகிறது. ‘யூ.டி.ஆர். பிழை’யைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் வந்துகொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவுத்துறையில் 2000இல் ‘ஸ்டார்’ திட்டம் தொடங்கியது. வில்லங்கச் சான்று விரைவாகக் கிடைத்தது. பட்டா மாறுதலோ பழைய வழியிலேயே போயிற்று: விண்ணப்பம், விஏஓ அறிக்கை, சர்வேயர், வட்டாட்சியர் உத்தரவு.

மைக்கேல் ஹாமர் 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இங்கே நினைவுக்கு வருகிறது. ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கக் கணக்குப் பிரிவில், சரக்கு தந்தவர்களுக்குப் பணம் கொடுக்க மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கணினியால் 20 சதவீதம் குறைக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். மாஸ்டா அதே வேலையை 5 பேரைக் கொண்டு செய்வதைப் பார்த்த பிறகு, சரக்குக்கான பில் என்ற படியையே நீக்கினார்கள். ஆட்கள் 75 சதவீதம் குறைந்தார்கள்.

2018இல் பதிவுத்துறையில் ‘ஸ்டார் 2.0’ வந்தது. பின்னர் அது வருவாய்த்துறையின் ‘தமிழ்நிலம்’ மென்பொருளோடு இணைந்தது. உட்பிரிவு தேவைப்படாத நிலத்தில், விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒத்திருந்தால், பதிவோடு பட்டாவும் தானாக மாறும் வழி பிறந்தது. ஃபோர்டின் பில்லைப் போலவே, இங்கே விண்ணப்பமும் விஏஓ அறிக்கையும் வேகம் பெறவில்லை, தேவையற்றுப் போயின. உண்மையான முன்னேற்றம் இதுதான்.

பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலோ நான்கு பங்காளிகள் பெயரிலோ கிடந்தால் இந்த வழி திறப்பதில்லை. மனிதரைப் போலவே திரையைப் படித்து விவரம் நிரப்பும் மென்பொருள் ரோபோக்களை இங்கே அமர்த்தினால், ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற பதிலை அவை இன்னும் விரைவாகத் தரும், அவ்வளவே. செய்ய வேண்டிய வேலை அதற்கு முந்தையது. கிராமத்தில் நிகழும் இறப்பைப் பதிபவரும் விஏஓ. சிட்டாவைப் பராமரிப்பவரும் அவரே. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் வட்ட அலுவலகத்தில் தணிக்கையாகின்றன. அப்போதே இறப்புப் பதிவேட்டையும் சிட்டாவையும் அருகருகே வைத்து, இறந்தவர் பெயரிலுள்ள பட்டாக்களைப் பட்டியலிட்டு, வாரிசுகளை அழைத்து விசாரிக்கலாம். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.