புறா செத்தாலும் காசு, உடைஞ்சாலும் காசு

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் பதற வேண்டாம். இந்தப் புறாவுக்கு உசிரு கிடையாது. 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை, டீ சாஸரைக் கவுத்து வெச்ச மாதிரி ஒரு தட்டு. ஒரு மிஷின் அதை வானத்துல விசிறி அடிக்கும். அது கீழே விழறதுக்குள்ள ஷாட்கன்னால சுட்டு உடைக்கணும். அம்புட்டுதான் க்ளே பிஜன் ஷூட்டிங், அதாவது களிமண் புறா சுடுறது. ஒலிம்பிக்ல ட்ராப், ஸ்கீட் ரெண்டும் இதுதான். 2004 ஏதென்ஸ்ல ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கினாரே, அதுவும் இதுல ஒரு வகைதான் (டபுள் ட்ராப், 2016-க்கு அப்புறம் ஒலிம்பிக்லேர்ந்து தூக்கிட்டாங்க).

இந்த விளையாட்டோட செலவு ஏன் இப்படி எகிறுதுன்னு பிரிட்டன்ல ஒரே புலம்பல். புலம்பலுக்குப் பின்னாடி இருக்கற கதைதான் எனக்கு சுவாரசியம். ஏன்னா இந்தக் களிமண் தட்டே, பணக்காரங்க ஆட்டத்தை மலிவா ஆக்கறதுக்கு வந்த சரக்குதான்.

முதல்ல நிஜப் புறாவைத்தான் சுட்டாங்க. 18-ஆம் நூற்றாண்டு கடைசியில லண்டனுக்கு மேற்கே ஈலிங் பக்கம் 'ஓல்ட் ஹாட்'னு ஒரு சாராயக்கடை. தரையில குழி தோண்டி, உள்ள புறாவை வெச்சு, மேல ஒரு பழைய தொப்பியைக் கவுத்துடுவாங்க. கயித்தை இழுத்தா தொப்பி சாயும், புறா பறக்கும், டமால். இன்னிக்கும் தட்டை விடச் சொல்றதுக்கு "புல்!"னுதான் கத்தறாங்க. இழுக்கறதுக்கு அங்கே கயிறே இல்லை. தட்டு உடைஞ்சா "கில்". தட்டுக்குப் பேர் "பேர்ட்". பழைய பாவம் எல்லாம் பேச்சுல மிச்சம் இருக்கு :-)

அப்புறம் ஆட்டம் மேல்தட்டுக்குப் போயிடுச்சு. லண்டன்ல ஹர்லிங்ஹாம் க்ளப் 1869-ல ஆரம்பிச்சதே இதுக்குத்தான். அங்கே 1905-ல புறா சுடுறதை நிறுத்திட்டாங்க, ஆனா க்ளப் சின்னத்துல இன்னமும் புறாதான். மான்டி கார்லோவுல சூதாட்ட விடுதியை ஒட்டியே 1870-கள்லேர்ந்து பெரிய பந்தயம். 1900 பாரிஸ்ல லியோன் த லுன்டன்னு ஒரு பெல்ஜியம்காரர் 21 புறாவைச் சுட்டு ஜெயிச்சார். மொத்தமா 300 கிட்ட செத்துச்சாம். (அதை ஒலிம்பிக் கணக்குல சேர்க்கலாமா வேண்டாமான்னு இன்னும் பஞ்சாயத்து ஓடுது.) ஒவ்வொரு தடவை சுடும்போதும் காசு குடுத்து வாங்கின ஒரு உசிரு காலி. நுழைவுக் கட்டணம், பந்தயப் பணம் வேற தனி. சாமானியன் வேலிக்கு வெளியே நின்னு வேடிக்கை பார்க்கலாம்.

அமெரிக்காவுல புறாவுக்குப் பஞ்சமே கிடையாது, அதனால இன்னும் மோசம். பாசஞ்சர் பிஜன்னு ஒரு காட்டுப் புறா, வானத்தையே மறைக்கற கூட்டம். வலை போட்டுப் பிடிச்சு ரயில்ல ஏத்தி அனுப்புவாங்க. 1881-ல நியூயார்க் பக்கம் கோனி ஐலண்ட்ல நடந்த ஒரே ஒரு போட்டிக்கு 20,000 புறா. அள்ள அள்ளக் குறையாதுன்னு நெனச்சாங்க. குறைஞ்சுது.

புறாவுக்குப் பதிலா முதல்ல கண்ணாடி உருண்டையை விட்டுப் பார்த்தாங்க. ஆடம் போகார்டஸ்னு ஒரு கில்லாடி. அந்தக் காலத்துல உருண்டைக்குள்ள இறகைத் திணிச்சும் வெச்சாங்க, சுட்டா நிஜப் புறா மாதிரியே இறகு பறக்கும். 1878 ஆரம்பத்துல 500 நிமிஷத்துக்குள்ள 5000 உருண்டை உடைக்கறேன்னு பந்தயம் கட்டி, நேரம் மிச்சம் வெச்சே முடிச்சார். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மைதானம் பூரா கண்ணாடிச் சில்லு. அங்கே அப்புறம் மாடு மேயுமா?

இங்கேதான் நம்ம ஆள் வர்றார். சின்சினாட்டி நகரத்துக்காரர் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி. குளத்துல ஓட்டாஞ்சில்லு விட்டு தத்த விட்டிருப்போம்ல, அதே மாதிரி பசங்க சிப்பி ஓட்டைத் தண்ணி மேல வீசறதைப் பார்த்துதான் இவருக்கு யோசனை வந்துச்சுன்னு சொல்வாங்க. 1880-ல சுட்ட களிமண்ல தட்டு செஞ்சு காப்புரிமை வாங்கினார். முதல் தட்டுங்க ரொம்பக் கெட்டி. ரவை பட்டா உடையாம மணி மாதிரி 'டிங்'னு சத்தம் மட்டும் வரும். பின்னாடி தார் மாதிரி பிசினையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் அதே கலவைதான். களிமண்ங்கறது பேர்ல மட்டும்.

இன்னொரு விஷயம். பாசஞ்சர் பிஜன் இனத்தோட கடைசிப் பறவை மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்னிக்குக் கூண்டுல செத்தது. எந்த ஊர்ல? அதே சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில.

தட்டு வந்ததும் ஆட்டம் இறங்கி வந்துச்சு. ஒரு தரிசு நிலம், கையால இழுத்து விடற ஒரு விசிறி, ஒரு பெட்டித் தட்டு, போதும். 1921-ல பிரிட்டன் அடைச்சு வெச்ச பறவையைப் பறக்க விட்டுச் சுடறதைச் சட்டம் போட்டே தடுத்துடுச்சு, அதுக்கப்புறம் தட்டுதான் கதி. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல சில நண்பர்கள் வட்டமா நின்னு சுடற ஒரு ஆட்டம் கண்டுபிடிச்சாங்க. பக்கத்து நிலத்துல கோழிப்பண்ணை வந்துடுச்சு. கோழிக்கு அடிபடக் கூடாதுன்னு வட்டத்தைப் பாதியா வெட்டினாங்க. அந்த அரை வட்டம்தான் இன்னிக்கு ஒலிம்பிக் ஸ்கீட்! பிரிட்டன்ல விவசாயி, மெக்கானிக், கடைக்காரர்னு ஞாயித்துக்கிழமை காலையில வயக்காட்டுல கூடற ஆட்டமா ஆச்சு.

நம்ம நாட்டுல அந்த மலிவுக் காலம் வரவே இல்லைன்னுதான் சொல்லணும். முதல்ல பேர் வாங்கினவர் பிகானேர் மகாராஜா கர்ணி சிங்: அஞ்சு ஒலிம்பிக், 1962 உலகப் போட்டியில வெள்ளி. ராத்தோர் ராணுவ அதிகாரி. 2024 பாரிஸ்ல ட்ராப் ஆடின நம்ம பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பம். திறமைசாலிங்கதான், சந்தேகமே இல்லை. ஆனா அரண்மனை, இல்லேன்னா பட்டாளம்னு பட்டியல் சுருங்கினதுக்குக் காரணம் கண்பார்வை இல்லையே.

காரணம் இந்த ஆட்டத்தோட அமைப்பு. கிரிக்கெட்ல ஒரே பந்தை வெச்சு 80 ஓவர் ஓட்டலாம். இங்கே எதுவும் மிஞ்சாது. தட்டும் போச்சு, தோட்டாவும் போச்சு. ட்ராப் தகுதிச் சுற்றுக்கு 125 தட்டு. தட்டுக்கு ரெண்டு தடவை சுடலாம், ஆக 250 தோட்டா வரைக்கும் போகும். ஒரு தோட்டாவுல 24 கிராம் ஈய ரவை (நம்ம ஊர் நாட்டுத்துப்பாக்கியில போடற பால்ரஸ் மாதிரி). தட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சாலே 3 கிலோ ஈயம் காத்துல. அதுவும் ஒரே போட்டிக்கு, பயிற்சி தனி.

இப்போ பிரிட்டன் புலம்பலுக்கு வருவோம். அங்கே 1870-ல துப்பாக்கி லைசென்ஸ் வருஷத்துக்கு 10 ஷில்லிங், போஸ்ட் ஆபீஸ்லயே வாங்கிக்கலாம். 1968-லேர்ந்து ஷாட்கன்னுக்கு போலீஸ் சான்றிதழ். 2015-லேர்ந்து புதுசா வாங்க 79.50 பவுண்டு, புதுப்பிக்க 49. 2025 பிப்ரவரியில அது 194-ம் 126-ம் ஆயிடுச்சு. போலீசுக்கு ஆகற செலவை முழுசா வசூலிக்கணுமாம். ஊரே கொந்தளிச்சுது.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. சான்றிதழ் அஞ்சு வருஷத்துக்கு. புதுப்பிக்கறவருக்குக் கூடுதல் 77 பவுண்டு, வருஷத்துக்கு 15 சொச்சம். தோட்டா? 2020 வாக்குல ஆயிரம் சுமார் 200 பவுண்டுக்குக் கிடைச்சது, அடுத்த மூணு நாலு வருஷத்துல 300-ஐத் தாண்டிடுச்சு. வாரம் 100 தட்டு சுடற ஆளுக்கு வருஷத்துக்கு 5000 தோட்டா, ஆக 500 பவுண்டு கூடுதல். சத்தம் போட்டது லைசென்ஸுக்கு, பையைக் காலி பண்ணினது தோட்டா!

ஏன் ஏறிச்சு? ஈயம், பிளாஸ்டிக், கரண்ட் எல்லாமே ஏறிச்சு. அதுக்கு மேல 2022 உக்ரைன் போர். தோட்டா மருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேணும், பீரங்கிக் குண்டுக்கும் அதேதான் வேணும். ராணுவம் வரிசையில நின்னா ஞாயித்துக்கிழமை விவசாயிக்கு எங்கே இடம்?

அடுத்த அடி 2025 ஜூலையில. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல ஈய ரவைக்குத் தடைன்னு அரசு அறிவிச்சுது, மாறிக்க மூணு வருஷ அவகாசம். ஈயம் மண்ணையும் பறவையையும் கெடுக்குது, அதனால தடை நியாயம்தான், நான் அதுக்கு எதிரி இல்லை. ஆனா யார் தலையில விடியுது? ஈயத்துக்குப் பதில் எஃகு போட்டா, அது குழலை உரசாம இருக்க ரவையைச் சுத்தி கனமான ஒரு குப்பி வேணும். பிளாஸ்டிக் குப்பியை நிறைய மைதானத்துல விடமாட்டாங்க, மக்கற குப்பி விலை கூட. பிஸ்மத், டங்ஸ்டன் எல்லாம் எஃகை விட பல மடங்கு. இத்தாலியில செஞ்ச புதுத் துப்பாக்கி வெச்சிருக்கறவர் பெட்டியை மாத்தி வாங்கிட்டுப் போயிடுவார். தாத்தா காலத்து மெல்லிசுக் குழல் ரெட்டைத் துப்பாக்கியை வெச்சிருக்கறவர் எஃகைப் போடவே முடியாது. அவர் பிஸ்மத் வாங்கணும், இல்லேன்னா புதுத் துப்பாக்கி வாங்கணும். சுவத்துல மாட்டி வைக்கறதுன்னா, அதுக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா 126 பவுண்டு.