தீராத வினாக்களின் பதிவேடு: எமது எழுத்துகள் கணினி ஏறிய வரலாறு

ஒரு மொழியின் பதிவுகள் தீயினால் மட்டும் அழிவதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பின்னர், புலம்பெயர்ந்த எம்மவர் 1990களில் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கியபோது வேறொரு இழப்பு நேர்ந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு ஒழுங்கைக் கொண்டிருந்தமையால், ரொறன்ரோவில் தட்டெழுதிய கடிதம் நியூ ஜேர்சியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது.

இதற்குத் தீர்வாக அமைந்த யூனிகோட் நியமத்தை வகுக்கும் கூட்டமைப்பு, 1991 ஜனவரியில் கலிபோர்னியாவிற் பதிவுபெற்றது. அவ்வாண்டு வெளிவந்த முதற் பதிப்பில், இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டு முறையைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிட்டவில்லை. அதனால் எழுந்த விவாதம் நெடுங்காலம் நீடித்தது. 2000இல் தோன்றிய உத்தமம் அமைப்பு, 2002இல் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த பொஸ்ரர் சிற்றியிலே தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியது. 2010இல் தமிழக அரசு யூனிகோட்டை ஏற்றபோது, எல்லா எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் 16 பிற் முறையொன்றையும் உடன் ஏற்றது.

இத்தகைய முரண்பாடுகளுக்கிடையே பணி தொடர்ந்தமைக்குக் காரணம், தீராத வினாக்களைப் பதிந்து பின்தொடரும் ஒழுங்காகும். கூட்டமைப்பின் தொழினுட்பக் குழுவுக்கு வரும் ஒவ்வோர் ஆவணமும் ஆண்டும் வரிசை இலக்கமும் பெறும். ஒவ்வொரு தீர்மானமும் செய்பணியும் கூட்ட இலக்கத்துடன் குறிக்கப்படும். பணி இன்னாருடையது என்பதும் எழுதப்படும். முடியும்வரை அது திறந்த வினாவாகவே நிற்கும்.

இதன் பயனை எமது எழுத்திலேயே காணலாம். பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் வழங்கிய தமிழ்ப் பகுதியில் சுழியத்துக்கு இடமிருக்கவில்லை. 2005இல் அது சேர்க்கப்பட்டது. பழங்கணக்கு ஏடுகளிலுள்ள பின்னங்கள் முதலிய 51 குறிகள் 2019இல் இடம்பெற்றன. கிரந்தப் பகுதியில் ழ, ற, ன முதலிய தமிழெழுத்துகளைச் சேர்க்கும் முன்மொழிவு 2010இல் எழுந்தபோது தமிழறிஞர் மறுத்தனர். தமிழக அரசும் தலையிட்டது. 2014இல் கிரந்தம் அவ்வெழுத்துகளின்றியே ஏற்கப்பட்டது.

காலங்கடந்த மறுப்போ பயன்படாது. ஆய்த எழுத்துக்கு வடமொழி விசர்க்கத்தின் பெயர் இடப்பட்டது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றலாகாது என்பது விதியாதலின், ஆய்தம் என்ற சொல் பக்கக் குறிப்பாகவே நிற்கின்றது.

அக்குழுவில் வாக்குரிமை பெரும் நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் உரியது. ஆயினும் ஆவணம் அளிக்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. அரசற்ற மக்களாகிய நாம் இதனை மறத்தலாகாது. வினா திறந்திருக்கும்போதே எழுதி அனுப்புதல் எமது இளையோரின் கடமையாகும்.