எண்ணூர்க் கழிமுகத்தின் ஒளிப்படச் சான்றுகள்: மூலக்கோப்பும் படியும்

முன்னுரை

2017 சனவரி 28ஆம் நாள் அதிகாலையில் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் படிந்தது. பாறைகளுக்கிடையே தேங்கிய கசடை ஆட்கள் வாளிகளில் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. இந்நிகழ்வுகளின் வரலாற்றை எழுதுவோர் அரசு அறிக்கைகளோடு ஒளிப்படங்களையும் சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது. துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றின் ஆவணங்கள் அவ்வந்நிறுவனங்களின் காப்பில் உள்ளன. கரையில் வாழ்வோரின் காப்பில் இருப்பவை பெரும்பாலும் கைபேசிப் படங்களே.

ஒளிப்படத் தொழிலில், ரா வடிவமா ஜேபெக் வடிவமா என்பது தரத்திற்கும் வசதிக்கும் இடையிலான தெரிவாகவே பேசப்படுகிறது. வரலாற்றாய்வில் அவ்வினா வேறுவகையில் எழுகிறது. ஒரு கோப்பு, படமெடுத்த கருவியிலிருந்து எத்தனையாவது படி என்பதே அதன் சான்றுமதிப்பை முதலில் தீர்மானிக்கிறது. வடிவம் அதற்கு அடுத்த நிலையில்தான் வருகிறது. எண்ணூரை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

உணரியிலிருந்து கோப்பு வரை

டிஜிட்டல் கேமராவின் உணரியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தின் ஒளியளவை மட்டுமே பதிகிறது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பே இன்றும் பரவலாக வழக்கிலுள்ளது. இவ்வளவுகளைப் பெரிதும் செயலாக்காமல் சேமிப்பது ரா கோப்பு. இது, கண்ணுக்குப் படமாகும் முன்னர் உள்ள நிலை. விடுபட்ட நிறங்களைக் கணித்து நிரப்பி, வெண்மைச் சமநிலையையும் மாறுபாட்டையும் தீர்மானித்து, இரைச்சலை மழுப்பி, எஞ்சியதைச் சுருக்கித் தருவது ஜேபெக். 1992இல் தரப்படுத்தப்பட்ட இம்முறை, படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுண்விவரங்களைக் கழிக்கிறது. ஒளி வேறுபாட்டைவிட நிற வேறுபாடே இதில் மிகுதியாக இழக்கப்படுகிறது.

இவ்விழப்பு எல்லாப் பொருள்களுக்கும் ஒரேயளவினதன்று. திருமண மண்டபத்தில் எடுத்த படத்தில் அது பொருட்படுத்தத்தக்கதாகாது. கழிமுக நீரின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் நிலை வேறு. கருமையான நீரின்மேல் கருமையான எண்ணெய். இரண்டுமே படத்தின் நிழற்பகுதியில் அடங்குபவை. 14 பிட் ரா கோப்பில் ஒரு புள்ளிக்கு 16,384 ஒளிநிலைகளுக்கு இடமுண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்திற்கு 256 மட்டுமே. நிழற்பகுதியை மேலும் கருமையாக்கும் கேமராவின் இயல்பான செயலாக்கத்தில், எண்ணெய் எங்கே முடிந்து நீர் எங்கே தொடங்குகிறது என்னும் எல்லை மறைந்துவிடக்கூடும். படலத்தின் பரப்பு எவ்வளவு என்பதே வழக்காகும்போது அவ்வெல்லை சிறிய செய்தியன்று. நிறத்தைச் சான்றாகக் கொள்வதிலும் இதே சிக்கல் உண்டு. சாம்பல் கலந்த நீரா, சேற்று நீரா என்பதை நிறம்கொண்டு வாதிடுவோர், கேமரா தானாகத் தேர்ந்த வெண்மைச் சமநிலையை அறிந்தோ அறியாமலோ நம்புகின்றனர். ரா கோப்பில் அத்தேர்வைப் பின்னர் மாற்றிச் சோதிக்கலாம். ஜேபெக்கில் அது படத்தோடு கலந்துவிடுகிறது.

எதிர்மமும் செதுக்குப்படமும்

மூலத்திற்கும் பரப்பப்படும் படிக்கும் இடையிலான இவ்விடைவெளி டிஜிட்டல் காலத்தில் தோன்றியதன்று. 1856இல் இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்பட்டபோது உலகம் அதனை ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழின் செதுக்குப்படங்கள் வழியாகவே கண்டது. ஒளிப்படத்தை நேரடியாக அச்சிடும் நுட்பம் இதழ்களுக்கு அப்போது வாய்க்கவில்லை. செதுக்குவோர் கையில் எது கோடாகிறதோ அதுவே நிலையமாகும். கழிவதும் கூடுவதும் அவர் தீர்ப்பு.

அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். மெழுகேற்றிய தாளில் அமைந்த எதிர்மங்களை அவர் பெரிதும் பயன்படுத்தினார். எதிர்மமே மூலம், அதிலிருந்து எடுக்கும் அச்சு படி என்று கொள்வது இயல்பு. எனினும் வெறுமையாகப் பதிந்த வானத்தில் மேகங்கள் தோன்றுமாறு ட்ரைப் தம் எதிர்மங்களின்மேலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார். மூலம் என்பதாலேயே அது தீண்டப்படாதது என்று கருதுவதற்கு இடமில்லை. ரா கோப்பைப் புனிதப்பொருளாகக் கருதுவோர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

பூட்டிய மூலங்கள்

ரா என்பது ஒற்றை வடிவமன்று. நிக்கானுக்கு என்.இ.எஃப்., கேனனுக்கு சி.ஆர்.2, சோனிக்கு ஏ.ஆர்.டபிள்யூ. என நிறுவனத்திற்கொரு கட்டமைப்பு உள்ளது. அவற்றின் உள்விவரங்கள் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. 2005இல் நிக்கான் டி2எக்ஸ் கேமராவின் கோப்புகளில் வெண்மைச் சமநிலைத் தகவல் மறைக்குறியீட்டில் வைக்கப்பட்டிருந்தது சர்ச்சையானது. படமெடுத்தவரே தம் படத்தைத் திறக்க ஒரு நிறுவனத்தின் இசைவை நம்பியிருக்க வேண்டுமா என்பதே அப்போது எழுந்த கேள்வி. அடோபி நிறுவனம் 2004இல் வெளியிட்ட டி.என்.ஜி. என்னும் பொது வடிவத்தைப் பெரிய கேமரா நிறுவனங்கள் பல ஏற்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து எளிதில் திறக்கக்கூடியது ஜேபெக் கோப்பாகவே இருக்கலாம். இது ஆவணக்காப்பாளர்க்கு உவப்பான செய்தியன்று.

செயற்கைக்கோள் படிமங்களின் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. லேண்ட்சாட் தரவுத்தொகுப்பு 2008இல் கட்டணமின்றித் திறக்கப்பட்டது; படிமங்கள் இழப்பற்ற பொது வடிவில் கிடைக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தின் கடலோர ஒழுங்குமுறை வரைபடங்களுள் எது செல்லும் என்னும் விவாதம் பொதுவெளியில் எழுந்தபோது, வரைபடம் என்பது ஒருவர் முன்பே செய்த தீர்ப்பு என்பது தெளிவாயிற்று. வரைபடத்தில் இல்லாத நீர்ப்பரப்பை வரைபடத்திலிருந்து மீட்க இயலாது. பழைய படிமத்தை எவரும் மீண்டும் அளக்கலாம்.

நீதிமன்றத்தின் முன் ஒரு படம்

இந்தியச் சான்றுச் சட்டத்தில் மின்னணுப் பதிவுகளுக்கான 65ஆ பிரிவு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் சேர்க்கப்பட்டது. அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014இலும், அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் 2020இலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள், மின்னணுப் படியை முன்வைப்போர் சான்றிதழும் தரவேண்டும் என்பதை உறுதிசெய்தன. மூலக் கருவியையே உரியவர் முன்வைத்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம், சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும். சட்டம் இங்கு ரா என்றோ ஜேபெக் என்றோ வேறுபடுத்தவில்லை. மூலம், படி என்றே வேறுபடுத்துகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சான்றுச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. ஆயினும் அங்கும் படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்னும் கேள்விக்கு விடை வேண்டும்.

அவ்விடையைத்தான் வாட்ஸ்அப் அழிக்கிறது. அதன் வழியே வழக்கமான முறையில் அனுப்பும் படம் அளவில் குறுகி, மீண்டும் சுருக்கப்பட்டு, நேரமும் இடமும் குறிக்கும் எக்ஸிஃப் தகவல் நீங்கி மறுமுனையை அடைகிறது. சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று: ஏடு எழுதியவர் பெயரும் காலமும் கொண்ட கடைசி ஓலையை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் படியெடுத்ததற்கு அது ஒப்பாகும். பல குழுக்களில் சுற்றிய ஒரே படத்தின் பல படிகளை ஒப்புநோக்கி முந்தையதைக் கண்டறிவது, பாடவேறுபாடு காணும் வேலையே. இவ்வகையில், மீனவர் ஒருவரின் கைபேசியில் மாறாமல் இருக்கும் ஜேபெக் கோப்பு, திருத்தி ஏற்றுமதி செய்யப்பட்ட உயர்தரப் படத்தைவிட வலுவான சான்றாகிறது.

சேகரிப்பு நிலையில்

24 மெகாபிக்சல் உணரியின் 14 பிட் தரவு, சுருக்காத நிலையில் ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் கொள்ளும். நாள் முழுதும் கரையில் நின்று படமெடுப்போர்க்கு நினைவட்டையும் வன்தட்டும் செலவாகும் பொருள்கள். ஆகவே எல்லாவற்றையும் ராவில் எடுக்கவேண்டும் என்னும் அறிவுரை வடசென்னையில் எளிதில் செல்லாது. எண்ணெய்ப் படலம், சாம்பற்படிவு போன்று நிறமும் பரப்பும் வழக்காகக்கூடிய காட்சிகளுக்கு இரு வடிவங்களிலும் ஒருங்கே பதிவது போதுமானது. பல கேமராக்களில் இவ்வசதி உண்டு. நூலகமும் ஆய்வாளரும் கைபேசிப் படங்களைப் பெறும்போது நினைவட்டையிலிருந்தோ ‘ஆவணம்’ என்னும் தெரிவு வழியாகவோ மாறாத கோப்பைக் கேட்டுப் பெற்று, பெற்ற அன்றே ஹேஷ் மதிப்பையும் எடுத்தவர் கூறும் இடக்குறிப்பையும் பதிவுசெய்யவேண்டும். இடக்குறிப்பு மக்கள் வழங்கும் ஊர்ப்பெயரிலும் துறைப்பெயரிலும் அமைவது நன்று.

2017இல் எர்ணாவூர்க் கரையில் படமெடுத்த கைபேசிகளுள் பல இன்று பயன்பாட்டில் இருக்க வாய்ப்பில்லை. அவற்றிலிருந்த நினைவட்டைகள் சில, பழைய மின்னூட்டிகளோடும் உடைந்த கைபேசிகளோடும் வீட்டு அலமாரிகளில் கிடக்கக்கூடும். அவை கிடைக்கும்வரை அந்நாளின் மூலக்கோப்புகள் தொலைந்தன என்று முடிவுசெய்ய இயலாது.